அத்தியாயம் 7: லேப்டாப்பை லூப்பராக்குவது

முதல் பதிவைத் தொடங்க மிதிக்கும் கணமும், அதை மூட மிதிக்கும் கணமும் அந்தப் பாட்டின் காலப்பிரமாணத்தை முடிவு செய்துவிடுகின்றன. பிறகு எத்தனை அடுக்குகள் ஏற்றினாலும், அந்த இரண்டு மிதிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்துக்குள்தான் எல்லாம் சுழன்றாக வேண்டும். இந்த அத்தியாயத்தில் வாங்கச் சொல்லும் பொருள், மாற்றச் சொல்லும் செட்டிங், ஒட்டச் சொல்லும் டேப் அத்தனையும் அந்த மிதிகள் சரியான இடத்தில் விழுவதற்காகவே. எத்தனை எஃபெக்ட், எத்தனை டிராக் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தனியாக விற்கும் லூப் பெடல் போதாதா என்று கேட்பது நியாயம். ஒரே கித்தார், ஒரே லூப், மேலே ஒரு சோலோ என்றால் பெடலே போதும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். குரலும் கித்தாரும் கொன்னக்கோலும் தனித்தனி லூப்பாக ஓட வேண்டும், ஒன்றை நிறுத்தினாலும் மற்றவை தொடர வேண்டும், ஐந்து அட்சர லூப்பும் எட்டு அட்சர லூப்பும் அருகருகே சுழல வேண்டும் என்றால்தான் மென்பொருளுக்கு வேலை வருகிறது.

இந்த உத்தி கம்ப்யூட்டருக்கு மூத்தது. 1960களில் டெரி ரைலி இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு இடையே ஒரே நாடாவை ஓடவிட்டு வாசித்தார். 1973இல் ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் அதே முறையில் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். முதல் கருவியில் பதிவான ஒலி, நாடா நகர்ந்து இரண்டாவது கருவியை அடைந்ததும் ஒலிக்கும். அங்கிருந்து முதல் கருவிக்கே திரும்பி, புதிதாக வாசிப்பதோடு சேர்ந்து மறுபடி பதிவாகும். கருவிகளுக்கு இடையே உள்ள தூரம்தான் லூப்பின் நீளம். 1990களில் எக்கோப்ளெக்ஸ் டிஜிட்டல் புரோ என்ற பெட்டி இதை மெமரிக்குள் கொண்டுவந்தது. இன்றைய லூப் மென்பொருள்கள் பலவற்றில் இருக்கும் மல்டிப்ளை, இன்சர்ட் போன்ற கட்டளைகளை எக்கோப்ளெக்ஸ் பழகியவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எதில் ஓட்டுவது

புது லேப்டாப் வாங்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிமிட ஸ்டீரியோ லூப் மெமரியில் ஏறக்குறைய 23 மெகாபைட் பிடிக்கும். அப்படி எட்டு லூப் வைத்தாலும் 200 மெகாபைட்டைத் தாண்டாது. லேப்டாப் திணறுவது மெமரியால் அல்ல. ஆடியோவுக்கு நடுவே வைஃபை, புளூடூத், அப்டேட், வைரஸ் ஸ்கேன் ஆகியவை குறுக்கிடுவதால். மேடைக்குப் போகும் லேப்டாப்பில் அவற்றை அணைத்துவிடுங்கள். பவர் செட்டிங்கை முழு வேகத்துக்கு மாற்றுங்கள். ஸ்கிரீன் லாக், ஸ்லீப், யூஎஸ்பி போர்ட்டின் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் வசதி மூன்றும் கூடாது. விண்டோஸில் எந்த டிரைவர் குறுக்கிடுகிறது என்று தெரிந்துகொள்ள லேட்டன்சிமான் என்ற கருவியை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆடியோ இன்டர்ஃபேஸ். லேப்டாப்பில் உள்ள மைக் துளையை நம்பி மேடை ஏறக் கூடாது. இரண்டு இன்புட் உள்ள சாதாரண யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் தொடக்கத்துக்குப் போதும். விண்டோஸ் என்றால், அந்த இன்டர்ஃபேஸைச் செய்த நிறுவனமே தரும் ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொதுவான ஏசியோ4ஆல் வீட்டில் பழகுவதற்குச் சரி. மேடைக்கு என்னால் பரிந்துரைக்க முடியாது. மேக்கில் கோர் ஆடியோ கூடவே வருகிறது. லினக்ஸில் ஜாக் அல்லது பைப்வயர்.

மென்பொருளைப் பற்றி நீளமாகப் பேச மாட்டேன், ஏனென்றால் நன்றாகப் பழகிய எதுவும் நல்ல மென்பொருள்தான். ஏபிள்டன் லைவ் 2001இல் வந்தது. அதற்குள் லூப்பர் என்ற கருவி 2009இல் எட்டாம் பதிப்போடு சேர்ந்தது. விலை அதிகம். வாங்குமுன் நீங்கள் எடுக்கும் வகையில் லூப்பர் உண்டா என்று பாருங்கள். பணம் செலவழிக்க விருப்பமில்லையென்றால் சூப்பர்லூப்பர், மோபியஸ் இரண்டும் இலவசம். ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு லூப்பி புரோ இருக்கிறது. அதற்கு முந்தைய லூப்பியை வைத்துத்தான் 2014இல் ஜிம்மி ஃபாலனும் பில்லி ஜோயலும் டிவி நிகழ்ச்சியிலேயே குரலடுக்கு கட்டிப் பாடினார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடமாவது அதிலேயே இருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தாமதம்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். லூப் அமைப்புகள் பலவற்றில் தாளம் குழைவதற்கு இதுதான் காரணம்.

மைக்கில் போன ஒலி லேப்டாப்புக்குள் சென்று வெளியே வரச் சற்று நேரம் ஆகும். மென்பொருள் ஒலியைச் சிறு சிறு கட்டாக வாங்குகிறது. கட்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு கட்டுக்கு 2.7 மில்லிசெகண்ட். 256 என்றால் 5.3. 512 என்றால் 10.7. உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை, அதோடு இன்டர்ஃபேஸ் தன் பங்குக்குச் சேர்ப்பது. ஆகவே 128இல் ஓடும் அமைப்பிலும் போய்வரும் மொத்த நேரம் 8, 10 மில்லிசெகண்ட் ஆகலாம். ஒலி காற்றில் அந்த 10 மில்லிசெகண்டில் மூன்றரை மீட்டர் போகும். மேடை ஓரத்து ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்கிறவருக்கு இந்த அளவு தாமதம் புதிதில்லை. உங்கள் குரல் உங்களுக்கே 10 மில்லிசெகண்ட் தள்ளிக் கேட்பது சமாளிக்கக்கூடியதுதான்.

சமாளிக்க முடியாதது வேறு. லூப் ஓடுகிறது, நீங்கள் அதைக் கேட்டு அதன் மேல் சரியாக வாசிக்கிறீர்கள். நீங்கள் கேட்டதே வெளியே வரும் தாமதத்தோடு வந்த ஒலி. நீங்கள் வாசித்தது உள்ளே போகும் தாமதத்தோடு பதிவாகிறது. இரண்டையும் கூட்டிய அளவுக்கு உங்கள் அடுக்கு பின்னால் விழுகிறது. அடுத்த அடுக்கை அதைக் கேட்டு வாசித்தால் அது இன்னும் பின்னால் விழும். ஒவ்வொரு தடவையும் 20 மில்லிசெகண்ட் என்று வைத்தால் ஐந்தாவது அடுக்கில் 100 ஆகிவிடும். நிமிடத்துக்கு 80 அட்சரம் போகும் ஆதி தாளத்தில் ஓர் அட்சரம் 750 மில்லிசெகண்ட். அதை நாலாகப் பிரித்த ஒரு மாத்திரை 187. 100 என்பது அதில் பாதிக்கு மேல். வாசித்தவர் தன் லயத்தையே சந்தேகிக்கத் தொடங்குவார். தவறு அவரிடம் இருக்காது.

இதற்கு மருந்து, பதிவை அந்த அளவு முன்னால் நகர்த்தும் ஈடு. சூப்பர்லூப்பரில் இன்புட் லேட்டன்சி, அவுட்புட் லேட்டன்சி என்று தனித்தனி அளவுகள் உண்டு. லைவில் ஆடியோ செட்டிங்கில் டிரைவர் எரர் காம்பன்சேஷன் என்ற எண்ணைத் திருத்தலாம். அது கிளிப்பாகப் பதிவதற்கு உதவும். லூப்பர் கருவிக்குள் போகும் ஒலிக்கும் அது போதும் என்று எடுத்துக்கொள்ளாமல் தனியாகச் சோதியுங்கள்.

சோதனை எளிது. மெட்ரோனோமின் டிக் ஒலியை ஒரு லூப்பாக எடுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இன்புட் ஒலி நேராக வெளியே வரும் வழியை மென்பொருளில் மூடுங்கள். பிறகு இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை ஒரு கேபிளால் அதன் இன்புட்டிலேயே செருகி, ஒரே ஒரு சுற்று ஓவர்டப் செய்யுங்கள், அதாவது ஓடும் லூப் மேல் அடுக்கு ஏற்றுங்கள். கேபிளை எடுத்துவிட்டுக் கேட்டால், ஒரே டிக் கேட்க வேண்டும். ‘டி-டிக்’ என்று இரட்டையாக விழுந்தால் ஈடு தப்பு. இரண்டும் ஒன்றாகும்வரை எண்ணை மாற்றி மறுபடி பாருங்கள். இன்டர்ஃபேஸ், பஃபர், சாம்பிள் ரேட் எதை மாற்றினாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

குரல் லேப்டாப் வழியாகப் போக வேண்டாம்

பலரும் மைக்கை இன்டர்ஃபேஸில் செருகி, நேரடிக் குரலையும் லூப்பையும் லேப்டாப் வழியாகவே ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள். நான் சொல்வது வேறு அமைப்பு. ஆக்ஸ் சென்ட் உள்ள ஒரு சிறிய அனலாக் மிக்சர் வாங்கிக்கொள்ளுங்கள். மைக்கும் கித்தாரும் அதற்குள் போகட்டும். ஆக்ஸ் வழியாக அவற்றின் நகல் இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்குப் போகும். இன்டர்ஃபேஸிலிருந்து லூப் மட்டும் மிக்சரின் இன்னொரு சேனலுக்குத் திரும்பும். அந்தச் சேனலில் ஆக்ஸ் குமிழ் எப்போதும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். திறந்திருந்தால் லூப் தன்னையே பதிவு செய்து ஊளையிடும். லைவின் லூப்பரில் இன்புட்டிலிருந்து அவுட்புட்டுக்கு ஒலி போகும் வழியை ‘நெவர்’ என்று வையுங்கள்.

இப்போது நேரடிக் குரலுக்குத் தாமதமே இல்லை. பஃபரை 64க்குக் குறைத்து லேப்டாப்பை வதைக்கத் தேவையில்லை. 256 வைத்து, ஈட்டைச் சரியாகக் கொடுத்தால் போதும். இதில் ஒரு குறையும் உண்டு: ஆம்ப் ஒலி, ஆக்டேவ், ஹார்மனி மாதிரியான எஃபெக்டை நேரடிக் குரலில் மென்பொருளால் சேர்க்க முடியாது. அது கட்டாயம் வேண்டும் என்பவர்கள் பெடலாக வாங்கி மிக்சருக்கு முன்னால் வைக்கலாம்.

ரிவர்ப் எங்கே வைப்பது என்பதும் தாளத்தோடு சேர்ந்த விஷயமே. லூப்புக்கு முன்னால் வைத்தால் அதன் வால் லூப் முடியும் இடத்தில் வெட்டுப்படும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெட்டு கேட்கும். லூப்புக்குப் பின்னால் வைத்தால் ரிவர்ப் அந்த ஒட்டுக்கு மேலேயே தொடர்ந்து போகும். அதோடு, பதிவை மூடும் மிதி ‘பிளே’வுக்குப் போகாமல் ‘ஓவர்டப்’புக்குப் போகும்படி வையுங்கள். கடைசி ஸ்வரத்தின் நீட்சி லூப்பின் தொடக்கத்தில் விழுந்து தையல் மறையும். நீட்சி அடங்கியதும் இன்னொரு மிதியில் ஓவர்டப்பிலிருந்து வெளியே வாருங்கள்.

காலும் கையும்

லூப் வாசிப்பவருக்குக் குறைந்தது மூன்று சுவிட்ச் வேண்டும்: பதிவு-ஓவர்டப், அன்டூ, நிறுத்து. லூப்பை அழிக்கும் சுவிட்ச் தனியாக, தூரத்தில் இருக்கட்டும். லைவின் லூப்பரில் உள்ள பெரிய பட்டனை ஒரே சுவிட்சுக்குக் கொடுத்தும் வேலையை முடிக்கலாம். ஒருமுறை மிதித்தால் பதிவுக்கும் பிளேவுக்கும் மாறும்; வேகமாக இருமுறை மிதித்தால் நிற்கும்; ஓடும்போது அழுத்திப் பிடித்தால் அன்டூ; நின்றபின் அழுத்திப் பிடித்தால் அழியும். படிப்பதற்கு நன்றாக இருக்கிறது. கச்சேரி விறுவிறுப்பில் இருமுறை மிதிப்பது தப்பும். எனவே தனித்தனி சுவிட்ச் என்பதே என் கட்சி.

சுவிட்ச் அழுத்தும்போது மட்டும் சிக்னல் அனுப்பும் வகையாக இருக்க வேண்டும். ஒரு மிதிக்கு ஆன், மறு மிதிக்கு ஆஃப் என்று பூட்டிக்கொள்ளும் வகையில் இரண்டாவது மிதி வேலை செய்யாதது போல் தோன்றும். பெரிங்கர் எஃப்சிபி1010 போன்ற மிடி பெடல் வரிசையில் பத்து சுவிட்சும் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடலும் உண்டு. பழைய மிடி கேபிளில் வேலை செய்வதால் யூஎஸ்பி மிடி மாற்றி ஒன்று வேண்டும். விலை குறைந்த யூஎஸ்பி பெடல் சில, கீபோர்டு எழுத்தைத்தான் அனுப்பும். அதை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திரையில் வேறு ஜன்னல் ஒன்று முன்னால் வந்துவிட்டால் அந்த எழுத்து அதற்குப் போய்விடும், லூப்பருக்கு வராது. புளூடூத் பெடல் நோட்ஸ் புரட்டுவதற்கு நல்லது. லூப்பை மூடுவதற்கு வேண்டாம்.

லூப் வழிகாட்டிகள் பெரும்பாலும் நின்று வாசிப்பவரை நினைத்தே எழுதப்படுகின்றன. சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுகிறவர், மிருதங்கம் வாசிக்கிறவர் என்ன செய்வது? பாடகருக்கு ஒரு கை தாளத்துக்குப் போனாலும் மறு கை இருக்கிறது. சிறிய பேட் கன்ட்ரோலர் ஒன்றைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். மிருதங்கக்காரருக்கு இரண்டு கையும் இல்லை, காலும் இல்லை. அவருக்கு உதவுவது நீளம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட பதிவு. லைவின் லூப்பரில் எத்தனை பார் பதிய வேண்டும் என்று முன்பே சொல்லிவிடலாம். ஆவர்த்தனம் முடிந்ததும் பதிவு தானாக மூடும். தொடங்க ஒரே ஒரு தொடுதல், அதையும் சமத்துக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் தொட்டு வைக்கலாம். அடுத்த பாரின் தொடக்கத்தில் பதிவு ஆரம்பிக்கும்படி குவான்டைசை வையுங்கள். இதற்கு மெட்ரோனோம் காதில் ஓட வேண்டும்.

தாளத்துக்குள் லூப்

மெட்ரோனோம் இல்லாமல் பாடுகிறவர்கள் லூப்பரின் டெம்போ செட்டிங்கை ‘செட் அண்ட் ஃபாலோ’ என்று வைத்தால், முதல் லூப்பின் நீளத்திலிருந்து மென்பொருளே வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் எத்தனை அட்சரம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். 4/4 என்று இருக்கும் இடத்தில் மிஸ்ர சாபு பாடினால் கணக்கு தப்பி, பின்னால் சேரும் ஒவ்வொன்றும் தப்பும். பாட்டுக்கு முன் டைம் சிக்னேச்சரை 7/8 ஆக்குங்கள். லூப் ஓடத் தொடங்கியபின் டெம்போவைத் தொடாதீர்கள். லைவின் லூப்பர் வேகத்தைக் கூட்டினால் டேப் போலவே சுருதியும் ஏறும். பாதி வேகம் ஒரு விதிவிலக்கு: சட்ஜம் கீழ் ஸ்தாயி சட்ஜமாக இறங்கும், சுருதி சேர்ந்தே இருக்கும்.

எப்போதும் சமத்தில் தொடங்கிச் சமத்தில் மூடுங்கள். பாட்டின் எடுப்பு சமம் தள்ளி இருந்தாலும் லூப் சமத்திலேயே பிறக்கட்டும். முன்னதாக எடுக்கும் பாட்டென்றால் ஒரு சுற்று வெறும் தாளத்தைப் பதிந்துவிட்டு, சாகித்யத்தை இரண்டாவது அடுக்காக ஏற்றுங்கள். ஓர் ஆவர்த்தன லூப் மேல் நான்கு ஆவர்த்தனப் பல்லவியை ஏற்ற மல்டிப்ளை இருக்கிறது. பழைய லூப் நான்கு தடவை நகலாகி நீளும். புதியது அதன் மேல் முழுதாகப் பதியும்.

மென்பொருள் லூப்பரின் உண்மையான செல்வம் சமமில்லாத நீளங்கள். கண்ட சாபுவில் ஐந்து அட்சர லூப் ஒன்றும் ஆதியில் எட்டு அட்சர லூப் ஒன்றும் ஒரே வேகத்தில் ஒத்திசைக்காமல் ஓடவிட்டால், 40 அட்சரத்துக்கு ஒருமுறை இரண்டின் சமமும் ஒன்றாக விழும். ஏழும் எட்டுமானால் 56. அந்தச் சந்திப்பை நோக்கி ஒரு கோர்வை கட்டி, அது விழும் கணத்தில் எல்லா லூப்பையும் ஒரே மிதியில் நிறுத்தினால் கூட்டம் எழுந்து கைதட்டும். லய ஞானம் உள்ள நம் கலைஞர்களுக்கு இது இயல்பாக வரக்கூடியது. ஆனாலும் மேடைகளில் லூப் என்றால் நாலு நாலாகவே கேட்கிறது. இந்த நூலைப் படிக்கிறவர்களில் சிலராவது அதை மாற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அளவும் மேடையும்

ஒரே அளவுள்ள இரண்டு வெவ்வேறு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். எட்டு சேர்ந்தால் 9. கொன்னக்கோலில் எல்லா அடுக்கும் சமத்தில் ஒன்றாக விழுவதால் அந்த உச்சம் 18 டெசிபல் வரைகூட ஏறலாம். ஆகவே ஒவ்வொரு அடுக்கின் உச்சமும் மீட்டரில் மைனஸ் 18 பக்கத்தில் இருக்கட்டும். கடைசியில் ஒரு லிமிட்டர் வையுங்கள். மைக் அருகே மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் பழைய லூப் மைக்கில் நுழைந்து ஒவ்வொரு அடுக்கிலும் மறுபடி பதியும், சில சுற்றுகளில் எல்லாம் கலங்கிவிடும். காதில் பொருத்தும் மானிட்டரோ மூடிய ஹெட்போனோ கட்டாயம். மைக் டைனமிக் கார்டியாய்டு வகை, வாய்க்கு நெருக்கமாக.

மேடைக்குப் போனதும் மைக்செட்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, “அண்ணே, ஸ்டீரியோவா மோனோவா?” பெரும்பாலும் மோனோதான். ஒரு லூப்பை முழுக்க இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தால், வலப்பக்க அவுட்புட்டை மட்டும் அவர் எடுக்கும்போது அந்த லூப் யாருக்குமே கேட்காமல் போகும். எர்த் சரியில்லாத இடத்தில் 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட்டைப் போட்டுப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. அது உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மிக்சர் ஓடாது. சிறிய யூபிஎஸ் ஒன்று அதற்காக. திறந்தவெளி மேடையில் லேப்டாப்பை வெயிலில் வைத்தால் சூட்டில் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒலி விக்கும். வீட்டில் செருகிய அதே யூஎஸ்பி போர்ட்டிலேயே செருகுங்கள். எந்தக் கேபிள் எங்கே என்று டேப் ஒட்டி எழுதுங்கள்.

லேப்டாப் என்றாவது ஒரு நாள் நிகழ்ச்சி நடுவே நிற்கும். அன்று லூப் மட்டும் போகும். மைக் நேராக மிக்சருக்குப் போவதால் குரல் போகாது. மறுபடி ஓடத் தொடங்கச் சில நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்கு லூப் இல்லாமல் பாடக்கூடிய ஒரு பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு மேடை ஏறுங்கள்.